பினாங்கில் தன்னார்வக் குழு நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் ஒரு சின்னச் சங்கத்துக்குப் பதினோரு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். பொறுப்பை விட்ட பிறகும் போன் நிற்கவில்லை. கோயில் இளைஞர் பிரிவு, தாமான் குடியிருப்பில் இலவச வகுப்பு எடுக்கும் ஆசிரியைகள், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய நலச் சங்கம், டயாலிசிஸுக்கு ஆளை ஏற்றி இறக்கும் நாலைந்து நண்பர்கள் என்று பலரும் கூப்பிடுகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான்.

அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தப் பாரங்களையும் படிவங்களையும் தூக்கிச் சுமந்திருக்கிறேன். நல்ல மனசுள்ள குழுக்கள் காகிதத்தாலும் களைப்பாலும் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அக்கா, நாங்க எட்டே பேருதான். மாசாமாசம் காசு சேர்த்து அரிசி பருப்பு வாங்கிக் குடுக்குறோம். இதுக்குமா பதிவு?

ஆமாம். 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் ‘சங்கம்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் மிக அகலமானது. ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த குழு, அதன் நோக்கம் எதுவானாலும், தற்காலிகமோ நிரந்தரமோ, அதற்குள் வந்துவிடும். பதிவில்லாமல் நடத்தினால் அது சட்டவிரோதச் சங்கம். அரிசி கொடுத்ததற்காக ஒருவரைப் பிடித்துப் போனதை நான் பார்த்ததில்லை. ஆனால் பணத்தில் ஒரு மனத்தாங்கல் வந்து யாராவது புகார் கொடுத்துவிட்டால், முதலில் கேட்கப்படுவது பதிவு எண்தான்.

இப்போதைக்குப் பதிவு வேண்டாம் என்றால், ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அமைப்பின் கீழ் ஒதுங்கிக்கொள்ளுங்கள். கோயில் நிர்வாகமாக இருக்கலாம், முன்னாள் மாணவர் சங்கமாக இருக்கலாம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கமாகவும் இருக்கலாம். வாய்ப்பேச்சாக விடாமல், அவர்களுடைய செயலவைக் கூட்டக் குறிப்பில் உங்கள் குழுவின் பெயரும் வேலையும் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் இளைஞர்கள் என்றால், 2007-ஆம் ஆண்டின் இளைஞர் சங்கச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு உண்டு. அதிலுள்ள வயது வரம்பை முதலில் படித்துவிடுங்கள்.

பதிவு செஞ்சு குடுக்க ஏஜென்ட் இருக்காராம். காசு குடுத்தா முடிஞ்சுரும்னு சொல்றாங்க, குடுக்கலாமா?

வேண்டாம். சங்கங்களின் பதிவிலாகாவின் ‘இ-ரோசஸ்’ இணையத்தளத்தில்தான் எல்லாம் நடக்கிறது. குழுவைத் தொடங்கியவர்களின் அடையாள அட்டை விவரம், முதல் கூட்டத்தின் குறிப்பு, சட்டவிதிகள் ஆகியவற்றைத் தயார் செய்தால் பெரும் பாதி வேலை முடிந்தது. படிவம் மலாயில் இருக்கும். மலாய் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உண்மையான ஆபத்து சட்டவிதிகளில் இருக்கிறது. மாதிரி விதிகளில், ஆண்டுக்கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப்பேர் அல்லது செயலவையினரின் இரு மடங்கு, எது குறைவோ அது போதும் என்று இருக்கும். அந்த வரியைக் கை வைக்காமல் விடுங்கள். நிபோங் திபால் பக்கம் ஒரு சங்கம் பெருமைக்காக ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்று மாற்றி எழுதியது. பிறகு நான்கு ஆண்டுகள் ஒரு கூட்டமும் சட்டப்படி கூட்ட முடியாமல் தவித்தார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். சங்க முகவரியாகச் செயலாளரின் வாடகை வீட்டைப் போடாதீர்கள், அவர் வீடு மாறினால் கடிதங்கள் காணாமல் போகும். இணையக் கணக்கை ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் தொடங்காமல், சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து அதன் கடவுச்சொல்லை இரண்டு பேராவது வைத்துக்கொள்ளுங்கள். இந்த ‘இரண்டாவது ஆள்’ விஷயத்தைக் கீழே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் குழுக்களுக்குக் காசைவிட அதுதான் பற்றாக்குறை.

பேங்க் கணக்கு இன்னும் திறக்கல. அது வரைக்கும் பொருளாளரோட சொந்தக் கணக்குல வாங்கிக்கலாமா? அவரு ரொம்ப நல்லவரு.

கூடாது. நல்லவராக இருப்பதால்தான் கூடாது என்கிறேன்.

எங்கள் பொருளாளரும் ஒரு காசு தொடாத மனிதர். பள்ளிச் சீருடைக்காகச் சேர்ந்த பணம் அவர் கணக்கில் இருந்தது. டிசம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். வங்கி கணக்கை முடக்கிவிட்டது. இறந்தவர் சொத்தாகிவிட்ட பணத்தை எடுக்க வாரிசுக் காகிதங்கள் வேண்டும். பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. துக்க வீட்டில் போய் அவர் மனைவியிடம் சீருடைக் காசைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவர் எங்களை நம்பித்தான் தன் கணக்கைத் தந்தார், நாங்கள்தான் அவர் குடும்பத்தை அந்த நிலையில் வைத்தோம்.

பதிவுச் சான்றிதழ், சட்டவிதிகள், யார் யார் கையெழுத்திடுவார்கள் என்று தீர்மானித்த கூட்டக் குறிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் வங்கிக்குப் போகலாம். மூவரில் இருவர் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பணம் வாங்கும் டூயிட்நவ் கியூஆர் குறியீடும் சங்கத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். அது வரை பணமாக வாங்காதீர்கள். கடையிலோ புத்தகக் கடையிலோ கொடுப்பவரையே நேராகக் கட்டச் சொல்லி, பில்லின் நகலை மட்டும் வாங்கி வையுங்கள்.

பாசார் மாலாம்ல (இரவுச் சந்தை) டின் ஏந்தி வசூல் பண்ணலாமா? எல்லாரும் பண்றாங்களே.

வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கு 1947-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. போலீஸ் உரிமம் வேண்டும். எல்லாரும் வாங்கியிருக்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. நாம் வாங்கிக்கொள்வோம். பிள்ளைகள் கையில் டின்னைக் கொடுத்து இரவு பத்து மணிக்கு நிற்க வைப்பது உரிமம் இருந்தாலும் தவறு என்பது என் கருத்து.

கம்பெனிக்காரங்க வரி விலக்கு ரசீது கேக்குறாங்க. எங்க பதிவுச் சான்றிதழ் காட்டுனா போதாதா?

போதாது, அது வேறு இது வேறு. நன்கொடை கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்க, 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியம் உங்கள் அமைப்பைத் தனியாக அங்கீகரித்திருக்க வேண்டும். அப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் ரொக்கத்துக்கே, கொடுப்பவரின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கும் தொடர்ந்து கேட்பார்கள்.

பத்துப் பேர் கொண்ட குழு இதற்கு அலைய வேண்டாம். அங்கீகாரம் உள்ள பெரிய அமைப்போடு ஒரு திட்டத்தை மட்டும் சேர்ந்து செய்யலாம். ரசீதுப் புத்தகத்தில் ‘வரி விலக்கு பெற்றது’ என்று தெரியாமல்கூட அச்சடித்துவிடாதீர்கள்.

மித்ரா மானியம் எங்களுக்குக் கிடைக்குமா? எப்படி எழுதிப் போடணும்?

2014-இல் செடிக் என்று தொடங்கி 2018-இல் மித்ரா என்று பெயர் மாறிய அந்த அமைப்பு, இந்திய சமூகத்துக்கென்று ஒதுக்கப்படும் பணத்தைக் கையாள்கிறது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு என்பதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம். விண்ணப்பம் திறக்கும் காலம், எந்த வகைத் திட்டங்கள் என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அந்த ஆண்டின் நிபந்தனையைப் படித்த பிறகே எழுதுங்கள்.

‘இந்தியர்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவது’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. ‘பாகான் டாலாம் அடுக்குமாடியில் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர் 22 பேருக்கு, வாரம் இரு நாள், பத்து மாதம் வாசிப்பு வகுப்பு’ என்று எழுதுங்கள். ஆசிரியர் படி, தாள், தேநீர் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை போடுங்கள்.

2021-இல் மித்ரா மானியத்தில் முறைகேடு என்று ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்ததும், சிலர் கைதானதும் நினைவிருக்கும். அதன் பிறகு ஒழுங்காக நடந்த குழுக்களும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. ஆகவே ஒவ்வொரு பில்லையும் வைத்திருங்கள். கடை தரும் வழவழப்பான பில் ஆறே மாதத்தில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும், வாங்கிய அன்றே நகலெடுத்துவிடுங்கள். இதைச் செய்யாததால், செலவு செய்த பணத்தைச் செயலவையினரே கைக்காசு போட்டுத் திருப்பிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒய்பி கிட்ட உதவி வாங்குனா கட்சி முத்திரை விழுந்துருமே?

விழும், நீங்கள் விட்டால். ஒய்பி என்று நாம் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு மக்கள் வரிப்பணம், அதைக் கேட்பதில் வெட்கமில்லை. கடிதத்தைத் தொகுதி அலுவலகத்துக்கு எழுதுங்கள், கட்சிக் கிளைக்கு எழுதாதீர்கள். நிகழ்ச்சிக்கு அவர் வந்தால் மரியாதை செய்யுங்கள், பேசச் சொல்லுங்கள். ஆனால் அரிசிப் பையில் கட்சிச் சின்னமோ யாருடைய படமோ வேண்டாம் என்பதை முதலிலேயே தீர்மானமாக எழுதி வையுங்கள். எங்கள் சங்கத்தில் அப்படி ஒரு தீர்மானம் இருந்ததால், தேர்தல் நேரத்தில் ‘மன்னிக்கணும் ஒய்பி, செயலவை முடிவு’ என்று சொல்ல முடிந்தது. அவரும் ஏற்றுக்கொண்டார்.

கூட்டம் போட்டா அஞ்சு பேருதான் வர்றாங்க. நம்ம ஆளுங்களுக்கு அக்கறையே இல்லையா?

அக்கறை இருக்கிறது, நேரம்தான் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேர் ஷிஃப்ட் வேலை?

1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியதிலிருந்து நம் குடும்பங்களின் கடிகாரமே மாறிவிட்டது. பிறை, பத்து கவான் தொழிற்பேட்டைகளிலும் இப்போது அதே கதைதான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் நாலு நாள் பகல், பிறகு இரவு என்று சுழல்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் போட்டால், இரவு வேலை முடித்து அப்போதுதான் தலை சாய்த்தவரை எழுப்புகிறோம். எங்கள் சங்கத்தில் ஒரு பெரிய தாளில் எல்லாருடைய ஷிஃப்டையும் எழுதி ஒட்டினோம். வேலைகளைப் பகல் ஷிஃப்ட்காரர்களுக்கும் இரவு ஷிஃப்ட்காரர்களுக்கும் பிரித்தோம். ஒரு பொறுப்புக்கு இருவர், இருவரும் எதிரெதிர் ஷிஃப்ட். ஆறு மாதத்தில் வேலை செய்கிறவர்கள் எண்ணிக்கை இரு மடங்கானது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்று பாலம். 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்த இரண்டாவது 24 கிலோமீட்டர். தீவில் இருப்பவர்களுக்கு அது காட்சி, எதிர்க்கரையில் செபராங் பிறையில் இருப்பவர்களுக்கு நெரிசலும் டோலும். தீவை நோக்கிப் போகும்போதுதான் டோல் வாங்குகிறார்கள் என்பதையே தீவுக்காரர் பலர் கவனித்ததில்லை. மோட்டார்சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை, ஆனால் மழையில் அக்காமார்களை மோட்டாரில் வரச் சொல்ல முடியுமா? மாநில அளவில் குழு நடத்துகிறவர்கள் ஒரு கூட்டம் ஜார்ஜ்டவுனில் என்றால் அடுத்தது புக்கிட் மெர்தாஜாமில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். கேட்டால் ‘வசதிக்காகத் தீவில் வைத்தோம்’ என்பார்கள். அந்த வசதி யாருக்கு என்பதுதான் கேள்வி.

இளைஞர்களைச் சேர்க்க என்ன பண்றது? போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறாங்க.

போன் பண்ணாதீர்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதுங்கள். எழுதும்போது ‘சேவை செய்ய வாருங்கள்’ என்று எழுதாமல், ‘சனிக்கிழமை மூணு மணி முதல் அஞ்சு வரை, அறுபது பை கட்டணும், நாலு பேர் வேணும்’ என்று எழுதுங்கள். தொடக்கமும் முடிவும் தெரிந்த வேலைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அஞ்சு மணிக்கு விடுவதாகச் சொன்னால் அஞ்சுக்கே விட்டுவிடுங்கள், அதில்தான் அடுத்த தடவை வருவார்களா என்பது இருக்கிறது.

எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு முடித்ததும் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்களே என்று வருந்துகிறோம். போனவர்களையும் விடாதீர்கள். எங்கள் சட்டவிதி மொழிபெயர்ப்பு, மானிய விண்ணப்பம், கணக்கை அட்டவணையில் ஏற்றுவது எல்லாம் சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பி இரவில் செய்து அனுப்பியதுதான்.

அக்கா, நாங்க பொம்பளைங்க எப்பவும் அடுப்படியிலயே நிக்கிறோம். மேடையில மட்டும் அவங்க. இதைக் கேட்டா சண்டை வருது. எப்படிக் கேக்குறது?

கேட்கத்தான் வேண்டும், தங்கை. நானும் முதல் நான்கு ஆண்டுகள் வெங்காயம் உரித்தவள்தான்.

பொதுவாகக் குறை சொன்னால் ‘நாங்க எப்ப தடுத்தோம்’ என்பார்கள். குறிப்பிட்ட ஒன்றைக் கேளுங்கள்: அடுத்த தேர்தலில் பொருளாளர் பதவி. சமையலுக்கு எவ்வளவு செலவாகும், எந்த வீட்டில் உண்மையில் கஷ்டம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சமையல் வேலையை ஆண்களும் சேர்ந்து செய்யும்படி பெயர்ப்பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கூட்டம் நடக்கும்போது தேநீர் போட எழுந்து போகாதீர்கள். முக்கியமான தீர்மானங்கள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நிறைவேறுகின்றன. கூட்ட நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூலையும் ஓர் ஆளும் ஏற்பாடு செய்த பிறகுதான் எங்கள் செயலவையில் பெண்கள் பாதிக்கு மேல் வந்தார்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஆசை. என்ன செய்யணும்?

தீவில் போடுவதென்றால் பினாங்கு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். இடம், ஒலிபெருக்கி, குப்பை ஆகியவற்றுக்கு நிபந்தனைகள் உண்டு, ஆண்டுக்காண்டு கொஞ்சம் மாறும். தைப்பூசத்துக்கு மாதக்கணக்கில் முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள்.

சமையலில் கவனம் வையுங்கள். அதிகாலையில் கிண்டிய சோறு மத்தியானம் வரை மூடிக் கிடந்தால் கெட்டுப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக ஆக்குங்கள். உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி வகுப்பு முடித்து டைபாய்டு தடுப்பூசி போட்டிருப்பது நல்லது. உணவுக்கடைகளுக்கு 2009-ஆம் ஆண்டின் சுகாதார விதி கேட்பதும் இதைத்தான். பந்தலில் ஐந்து பேர் பரிமாறினால் இரண்டு பேர் குப்பைக்கென்றே இருக்க வேண்டும். ரதம் வரும் வழியெல்லாம் உடைந்த தேங்காய், அதன் மேல் நம் காகிதக் கோப்பைகள், அதற்குள் வெறுங்காலோடு காவடி தூக்கி வருகிறார்கள். தண்ணீர்மலை முருகனுக்குச் செய்யும் தொண்டு என்றால் அந்தக் கால்களையும் நினைக்க வேண்டும்.

வெள்ளம் வந்தா உடனே என்ன சேகரிக்கிறது? துணி எடுக்கலாமா?

பழைய துணி எடுக்காதீர்கள். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு தொடங்கி பினாங்கு முழுவதும் மூழ்கியபோது ஏழு உயிர்கள் போயின. அந்த வாரம் உதவி செய்ய வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. ஆனால் மூன்றாம் நாள் மண்டபத்தில் துணி மலை. பிரிக்க ஆளில்லை, வைக்க இடமில்லை, ஈரம் பட்டு நாற்றம் வேறு. கடைசியில் லாரி வைத்துக் குப்பைக்கு அனுப்ப நாங்கள்தான் காசு கொடுத்தோம்.

முதல் இரண்டு நாள் குடிநீர், சாப்பாட்டுப் பொட்டலம், குழந்தை டையாப்பர், பெண்களுக்கு நாப்கின், வயதானவர்களின் மருந்துப் பட்டியல். தண்ணீர் வடிந்ததும் துடைப்பம், வாளி, பிரஷ், கிருமிநாசினி, ரப்பர் பூட்ஸ், கையுறை. இரண்டாம் வாரம் அடுப்பு, மெத்தை, பள்ளிப்பை. அந்த இரண்டாம் வாரத்தில் உதவிக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சின்னக் குழு இருக்க வேண்டியது அப்போதுதான். தற்காலிக நிவாரண மையங்களைச் சமூக நல இலாகா நடத்தும், அங்கே தானாகப் போய் நுழையாமல் பொறுப்பாளரிடம் என்ன குறைகிறது என்று கேட்டுச் செய்யுங்கள். மையத்துக்கு வராமல் மாடியிலும் சொந்தக்காரர் வீட்டிலும் தங்கியவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அவர்களைத் தேடுங்கள். காலில் புண் உள்ள தொண்டர்களைச் சேற்றில் இறக்காதீர்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிரைக் கொல்லும்.

கோயில் மண்டபத்துல இலவச டியூஷன் ஆரம்பிக்கிறோம். நம்ம பிள்ளைங்கதான், எதுக்கு விதிமுறை?

நம் பிள்ளைகள் என்பதால்தான். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக ஓர் அறையிலோ காரிலோ இருக்கவே கூடாது, எப்போதும் இரண்டாவது ஆள் வேண்டும். அது தொண்டரையும் காக்கும். 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில், ஆசிரியர் போன்று நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை. புதிதாக வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதரின் உறவானாலும் அடையாள அட்டை நகல் வாங்குங்கள், முன்பு எங்கே வகுப்பு எடுத்தார் என்று விசாரியுங்கள். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் ‘கோயில் பேர் கெடும்’ என்று மூடிவைக்காதீர்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் 15999 என்ற எண்ணை மண்டபச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள்.

உதவி வாங்குறவங்க படத்தை முகநூல்ல போட்டாத்தான் நன்கொடை வருது. போடலாமா?

பையைப் போடுங்கள், கையைப் போடுங்கள், முகத்தைப் போடாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டும். படம் வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு கொடையாளருக்குப் பதிலாகக் கடை பில்லையும், அடுக்கி வைத்த பொருள்களையும், வீட்டு எண்ணிக்கையையும் அனுப்பினோம். முதலில் கோபித்துக்கொண்டார், அடுத்த ஆண்டும் அவரே கொடுத்தார்.

எங்க தலைவர் இருபது வருசமா விலக மாட்டேங்குறாரு. அவர் இல்லன்னா சங்கமே இல்லன்னும் சொல்றாங்க. என்ன செய்யலாம்?

நீண்ட காலம் ஒருவரே தலைமை தாங்குவது தன்னால் தவறாகிவிடாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை எஸ். எம். முகமது இட்ரிஸ் பல பத்தாண்டுகள் வழிநடத்தினார். 2019-இல் அவர் மறைந்த பிறகும் அது நடக்கிறது, ஏனென்றால் அவரோடு வேலை தெரிந்த ஆட்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். உங்கள் தலைவரிடம் பதவியைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். ‘ஐயா, இந்த ஆண்டு மாநகர் மன்றத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போங்க. அரிசிக் கடைக்காரரை எனக்கும் அறிமுகப்படுத்துங்க.’ ஓர் ஆண்டில் அவருக்குத் தெரிந்ததில் பாதி உங்களுக்குத் தெரிந்துவிடும். பலர் பதவியை இறுகப் பிடித்திருப்பது ஆசையால் அல்ல, விட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்ற பயத்தால்தான்.

இப்படிச் செய்தும் வழி விடாமல், ஆண்டுக்கூட்டமும் கூட்டாமல், கணக்கும் காட்டாமல் இருந்தால் விஷயம் வேறு. சட்டவிதியில் சிறப்புக் கூட்டம் கோர எத்தனை உறுப்பினர் கையெழுத்து வேண்டும் என்று பார்த்து எழுத்தில் கேளுங்கள். இரு கோஷ்டியாகப் பிரிந்து இரு செயலவை வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். யார் முறையான பொறுப்பாளர் என்று பதிவிலாகா ஆதாரம் கேட்கும், தீராவிட்டால் பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு. புலனக் குழுவில் ஒருவரை ஒருவர் நீக்குவதால் எந்தப் பதவியும் மாறாது.

மூணு வருசமா ஆண்டறிக்கை அனுப்பல. இப்ப போனா மாட்டிக்குவோமோன்னு பயமா இருக்கு.

பயந்து ஒளிந்தால்தான் மாட்டுவீர்கள். ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும் என்பது சட்டம். தவறினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மேலே முகவரி பற்றிச் சொன்னேனே, அந்தக் கடிதம் பழைய வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததால் பதிவு இழந்த சங்கங்கள் இருக்கின்றன. இப்போதே ஒரு கூட்டம் போட்டு, விடுபட்ட ஆண்டுகளின் கணக்கை இருக்கிற பில்களை வைத்து எழுதி ஏற்றுக்கொண்டு, பழைய ஆண்டிலிருந்து வரிசையாக அனுப்புங்கள். கூட்டம் நடக்காத ஆண்டுக்கு நடந்ததாகக் குறிப்பு எழுதாதீர்கள். ரத்தாகியே விட்டால் 30 நாளுக்குள் உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அக்கா, ஆளும் இல்ல, தெம்பும் இல்ல. மூடிரலாமான்னு இருக்கு. அது தப்பா?

தப்பில்லை. வயதாகிப்போன நாலு பேர் உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஒரு பெயர்ப்பலகையைத் தாங்க வேண்டியதில்லை. உங்கள் சட்டவிதியில் கலைப்பு பற்றி ஒரு விதி இருக்கும். அதன்படி கூட்டம் போட்டு, கடனை அடைத்து, மிச்சத்தை அதே வகை வேலை செய்யும் அமைப்புக்குக் கொடுத்துவிட்டுப் பதிவிலாகாவுக்குத் தெரிவியுங்கள். அறிவிக்காமல் கைவிடுவதுதான் தவறு, பெயர் உங்கள் தலையிலேயே நிற்கும்.

பாத்திரமும் நாற்காலியும் யாருக்கு என்பதைவிட, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழு நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. மூடும்போது அவர்களிடம் வங்கியில் இருந்தது இருநூறு ரிங்கிட்டுக்கும் குறைவு. ஆனால் ஒரு நீல நோட்டுப் புத்தகம் இருந்தது: யாரை எத்தனை மணிக்கு எந்த மாடியில் போய் ஏற்ற வேண்டும், யாருக்குச் சக்கர நாற்காலி, யாருக்குத் திரும்பும்போது மயக்கம் வரும், யார் வீட்டில் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். கடைசி மூன்று வாரம் பழைய ஓட்டுநரும் புதிய ஓட்டுநரும் ஒரே வண்டியில் போனார்கள். அந்த நோட்டு இப்போது பிறையில் இன்னொரு குழுவிடம் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி ஓட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை.